தேர் நிலைக்கு வர வேண்டும்

(ராயபுரத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று தெருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குப்பை அள்ளவில்லை, விளக்கு எரியவில்லை என்ற குறைகளைப் பற்றி நீங்கள் என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. ஒரு தெரு இன்னொரு தெருவோடு சேர்கிறதா, சேராமல் சுவரில் முட்டி நிற்கிறதா? ஊர் பெருகப் பெருக அந்தச் சேர்க்கை கூடுகிறதா, குறைகிறதா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. வடசென்னையின் பாதித் துயரம் இதற்குள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து தொடங்குகிறேன். மாசித் திருவிழாவில் தியாகராஜ சுவாமி கோயில் தேர் ஓடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம், வடம் பிடித்தும் இருப்போம். தேருக்கு ஒரு குணம் உண்டு. முட்டுக்கட்டை போட்டு மூலையில் மெல்லத் திருப்பலாம். ஆனால் வந்த வழியே பின்னோக்கி இழுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு வீதி வழியாகப் புறப்பட்டு, அடுத்தடுத்த வீதிகளைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அப்போதுதான் தேர் நிலைக்கு வந்தது என்போம். அதனால்தான் கோயிலைச் சுற்றி ஊர் அமைத்தவர்கள் வீதிகளை ஒன்றோடொன்று சேர்த்தே போட்டார்கள். மதுரையில் சித்திரை வீதி, ஆடி வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக இருப்பதும் இப்படித்தான். முட்டுச்சந்தில் தேர் ஓடாது.

நம் மொழியைப் பாருங்கள். ஒரு வழி மட்டும் உள்ள இடம் முட்டுச்சந்து. மூன்று வழி கூடினால் முச்சந்தி. நான்கு வழி கூடினால் நாற்சந்தி. இன்று உலகத்தில் நகரங்களை ஆராய்கிறவர்கள் தெருக்களின் இணைப்பை அளக்க என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை வழி கூடுகிறது என்று எண்ணுகிறார்கள். நாற்சந்திகள் நிறைந்த ஊர் இணைந்த ஊர். முட்டுச்சந்துகள் பெருகிய ஊர் சிதறிய ஊர். இந்த மூன்று சொற்களையும் நம் பாட்டிமார் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகாமல் வைத்திருந்தார்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. ஐரோப்பாவில் கோனிக்ஸ்பெர்க் என்றொரு துறைமுக நகரம். இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட். ஆறு அந்த ஊரை நான்கு துண்டாகப் பிரிக்க, ஏழு பாலங்கள் அவற்றைச் சேர்த்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே முறை கடந்து ஏழையும் சுற்றி வர முடியுமா என்று ஊர்க்காரர்கள் நடந்து நடந்து பார்த்தார்கள். லியோன்ஹார்ட் ஆய்லர் என்ற கணித மேதை 1736இல் முடியாது என்று நிறுவினார். பாலத்தின் நீளத்தை அவர் பார்க்கவில்லை, அகலத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு துண்டு நிலத்தையும் எத்தனை பாலம் தொடுகிறது என்று மட்டும் எண்ணினார். வலைகளை ஆராயும் கணிதப் பிரிவு அந்த எண்ணிக்கையில் பிறந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஊருக்குள் நடமாட்டத்தை முதலில் தீர்மானிப்பது எது எதோடு சேர்கிறது என்பது. சாலையின் அகலம் அதற்குப் பிறகு வருவது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நாம் உட்கார்ந்திருக்கும் ராயபுரத்துக்குத் தெற்கே, கோட்டைக்கு வடக்கே, ஜார்ஜ் டவுன். கோட்டையை ஒட்டி முதலில், ஆங்கிலேயர் கறுப்பர் நகரம் என்று அழைத்த இந்தியர் குடியிருப்பு இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த பிறகு, பீரங்கிக்கு மறைவு தரும் வீடுகள் கோட்டைக்கு அருகில் கூடாது என்ற எண்ணத்தில் அந்தப் பழைய நகரம் படிப்படியாக இடிக்கப்பட்டது. வீடு கட்டக் கூடாத எல்லையைக் காட்ட 1773இல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் நெருங்கிக் குடியேறினார்கள். நேர் தெருவும் குறுக்குத் தெருவுமாக அங்கே வலை பின்னப்பட்டது. 1911இல் அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது, வீடு மாறியது, வியாபாரம் மாறியது. தெருக்களின் வலை மாறவில்லை. ஒரு தெருவில் மீன்பாடி வண்டி குறுக்கே நின்றுவிட்டால் அடுத்த தெரு வழியாகப் போய்விடலாம். நெரிசல் உண்டு, அடைப்பு இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நகரத்துக்கு ஒரு மதில் இருந்தது. ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பின் கட்டியது. அதன் எச்சம் இதே பகுதியில், பழைய ஜெயில் ரோட்டை ஒட்டிய மாடிப் பூங்காவில் இருக்கிறது. மதிலுக்கு வரி போடலாம் என்ற யோசனை வால்டாக்ஸ் சாலை என்ற பெயராக நின்றுவிட்டது. மதிலின் வாயில் ஒன்று யானைக்கவுனி என்ற பெயராக நின்றுவிட்டது. மதில் போனது; ஆனால் இன்றைக்கும் மேற்கே போக வேண்டுமானால் மதிலில் அன்று வாயில் விட்ட இடத்தை ஒட்டியே பல வழிகள் இருக்கின்றன. சுவர் விழுந்த பிறகும் சுவரின் நிழல் இருநூறு ஆண்டு விழுகிறது.

மதிலுக்கு வெளியே ஊர் வளர்ந்ததற்குப் பேட்டை என்று பெயர். ஒரு தொழில் செய்கிறவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினால் அது ஒரு பேட்டை. துணி வெளுத்தவர்களுக்கு வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய குடியிருப்பு காலெட்பேட்டை. அதுதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஒவ்வொரு பேட்டையும் காலால் நடந்து முடிக்கக்கூடிய அளவு. ஒன்று வளர்ந்து இன்னொன்றைத் தொடும்போது இரண்டின் தெருக்களும் கைகோத்துக்கொண்டன. இங்கே கல்மண்டபத்தில் நின்று பாருங்கள். மாதா கோயில் தெருக்கள், சிமெட்ரி ரோடு, எம்.சி. ரோடு என எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி இருக்கிறது. எந்த அதிகாரியும் பெரிய திட்டம் போட்டுச் செய்ததல்ல. நடந்தே வாழ்ந்த மக்கள் நடையின் தேவைக்கு ஏற்ப ஊரைக் கட்டிக்கொண்டார்கள்.

இந்த வலை எப்படிக் கிழிந்தது?

முதலில் தண்ணீர். 1806 வாக்கில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. பாசில் காக்ரேன் என்ற வணிகர் அதை நடத்தினார். பிற்பாடு 1877-78 பஞ்ச காலத்தில், பசியால் வாடிய மக்களின் உழைப்பைக் கொண்டு அதை நீட்டி இணைத்து, அப்போதைய கவர்னர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்றார்கள். படகு ஓடிய காலத்தில் அதுவே ஒரு தெரு. விறகும் உப்பும் சுண்ணாம்பும் அதில் வந்தன. படகு நின்றதும் கால்வாய் வேலியாகிவிட்டது.

அடுத்தது தண்டவாளம். 1856 ஜூலை 1ஆம் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இதோ இந்த ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. நமக்கு அது பெருமை, எப்போதும் பெருமை. ஆனால் தண்டவாளம் இரண்டு ஊர்களைச் சேர்க்கும்போதே, அது ஓடும் ஊரை இரண்டாகப் பிளக்கவும் செய்கிறது. வடக்கே போகும் பாதையும், துறைமுகப் பாதையும், தண்டையார்பேட்டைச் சரக்கு யார்டும் சேர்ந்து இந்தப் பகுதியைக் கூறு போட்டுவிட்டன. கொருக்குப்பேட்டை கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பள்ளிக்கூடம் போன வழியிலும் ஒரு ரயில்வே கேட் இருந்தது. கூட்ஸ் வண்டி குறுக்கே வந்து நின்றுவிட்டால் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் மணி அடிக்கும் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும். நாங்கள் இந்தப் பக்கம். பையை முதலில் உருட்டிவிட்டு இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து கடப்போம். பார்த்த பெரியவர்கள் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே அவர்களும் கடப்பார்கள். பள்ளிக்கூடம் தூரம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கேட் தாண்டிப் போகணும் என்பார்கள். நூல் பிடித்தால் கூப்பிடு தூரம். நடந்தால் வேறு ஊர்.

மூன்றாவது கடல். 1875இல் சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருப்பது. துறைமுகத்தின் கரம் குறுக்கே நீண்டதும் மணல் தெற்கில் தங்கிவிட்டது. மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குப்பங்களின் முன்வரிசைத் தெருக்கள் ஒவ்வொன்றாகப் போயின. கல்லைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காத்தார்கள். ஒரு தெரு கடலில் போனால் ஒரு வரிசை வீடு மட்டும் போவதில்லை. குப்பத்துக்குக் குப்பம் கரையோரமாகவே நடந்து போன வழி போகிறது. இன்று அந்தக் கல் கரைக்கும் லாரி ஓடும் எண்ணூர் விரைவுச் சாலைக்கும் நடுவில் மீனவக் குடும்பங்கள் அகப்பட்டிருக்கின்றன.

நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது, காம்பவுண்டுச் சுவர். விடுதலைக்குப் பிறகு நாட்டுக்குத் தொழில் வேண்டியிருந்தது. அதை வடசென்னை தோளில் தாங்கியது. 1948இல் உருவான அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட், எண்ணூரில் ஆலை அமைத்தது. 1955இல் உருவான என்ஃபீல்டு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரில் பிறந்தது. டயர் இங்கே, தீப்பெட்டி இங்கே; விம்கோ நகர் என்ற பெயரே தீப்பெட்டி ஆலையின் பெயர். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம், பிறகு வடசென்னை அனல் மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம். இந்த ஆலைகள் நம் வீடுகளில் அடுப்பு எரிய வைத்தன, நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அந்த நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஆலையும் ஒரு நீண்ட சுவர். சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை குறுக்கு வழி கிடையாது. ஆலை மூடப்பட்ட பிறகும் சுவர் மூடியே இருக்கும்.

இந்த நான்கையும் சேர்த்து ஒரு படம் போட்டுப் பாருங்கள். கிழக்கே கடல். அடுத்து விரைவுச் சாலை. அடுத்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை, அதாவது நம் டி.எச். ரோடு. அடுத்து தண்டவாளம். அடுத்து கால்வாய். அதற்கு மேற்கே மணலி. எல்லாமே தெற்கு வடக்காக, ஒன்றுக்கொன்று பக்கத்தில், நீளமாகப் போகின்றன. கிழக்கு மேற்காகக் கடக்க மேம்பாலம், சுரங்கப்பாதை, கேட் எல்லாம் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏணிக்கு இரண்டு பக்கச் சட்டங்கள் இருக்கின்றன. நடுவில் படிகள் இல்லை. படி இல்லாத ஏணியை வைத்துக்கொண்டு சட்டத்தை அகலப்படுத்து, அகலப்படுத்து என்று அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அகலப்படுத்தினால் கன்டெய்னர் லாரிகள் இரண்டு வரிசையில் நின்ற இடத்தில் நான்கு வரிசையில் நிற்கும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலகத்தின் தெரு வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு, எந்தத் தெரு எந்தக் காலத்தில் போடப்பட்டது, அது எத்தனை தெருவோடு சேர்கிறது என்று கணக்கெடுத்தார்கள். 2020இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு கவலை தருவது. 1975க்குப் பிறகு உலகின் பெரும்பாலான இடங்களில் புதிதாகப் போடப்படும் தெருக்கள் முன்பைவிடக் குறைவாகவே இணைந்திருக்கின்றன. நகரப் பரவல் என்றால் ஊர் தூரம் தூரமாகப் போவது என்று மட்டும் நினைக்கிறோம். தெரு தெருவோடு சேராமல் போவதும் பரவல்தான் என்கிறார்கள் அவர்கள். அமெரிக்காவில் இந்தப் போக்கு 1990களின் நடுவில் உச்சம் தொட்டு, பிறகு கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்று அவர்களே முன்னொரு கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். ஆக, திரும்பக்கூடிய நோய்தான்.

ஆனால் காலத்தே திரும்ப வேண்டும். காரணம், தெருவைப்போல் நீண்ட ஆயுள் உள்ளது ஊரில் வேறு எதுவும் இல்லை. 1666இல் லண்டன் எரிந்தது. புதிதாக, நேர்த்தியாகத் தெரு போடலாம் என்று கிறிஸ்டோபர் ரென் திட்டம் வரைந்து கொடுத்தார். ஊரே சாம்பலாகியிருந்தும், அவரவர் மனையின் எல்லை அப்படியே இருந்ததால், பெரும்பாலும் பழைய தெருக்களின் மேலேயே ஊர் மறுபடி எழுந்தது. இங்கேயும் அதுதானே? 1970இல் புகை விடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஐம்பது ஆண்டுகூட இல்லை. முத்தியால்பேட்டைத் தெருக்களுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று ஒரு மனைப்பிரிவில் தெருவை எங்கே நிறுத்துகிறோமோ, அங்கேதான் நம் பேரனின் பேரனும் நின்று திரும்புவான்.

அதனால்தான் வடக்கே நடப்பதை நினைத்து எனக்குத் தூக்கம் வருவதில்லை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் அப்போது சேர்ந்தவை. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அறிவிக்கப்பட்டது. கோடு பெரிதாகிவிட்டது, கோட்டுக்குள் தெருக்களை யார் சேர்ப்பது? அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ரயிலில் போனால் இரண்டு பக்கமும் வயலுக்கு நடுவே வெள்ளை அடித்த மனைக் கற்கள் தெரியும். ஒரு மனைப்பிரிவைப் போடுகிறவர் அதைப் பிரதான சாலையோடு ஒரு வழியில் சேர்க்கிறார். உள்ளே தெரு போட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிறார். பக்கத்து நிலத்துக்காரரும் அப்படியே செய்கிறார். இரண்டு மனைப்பிரிவுக்கும் நடுவில் ஒரு சுவர். அல்லது விற்காமல் விட்ட ஒரு துண்டு நிலம். இந்தப் பக்கத்து வீட்டில் கறி தாளித்தால் அந்தப் பக்கத்து வீட்டில் வாசம் வரும். போய் ஒரு கிண்ணம் வாங்கி வர வேண்டுமானால் பிரதான சாலைக்கு வந்து சுற்ற வேண்டும். ஒவ்வொரு மனைப்பிரிவையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எல்லாம் விதிப்படி இருக்கும். சேர்த்துப் பார்த்தால் ஊர் இருக்காது.

அங்கீகாரமே இல்லாத மனைகளின் கதை இன்னும் கடினமானது. 2016இல் உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்த பிறகு, 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்து அரை கிரவுண்டு வாங்கிய ஏழைக்கு அது தேவையான நிவாரணம். ஆனால் பத்திரம் சரியானதால் தெரு சேர்ந்துவிடாது. வரன்முறைக் கட்டணத்தோடு, பக்கத்துத் தெருவோடு சேர ஒரு வழியையும் அப்போதே கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தெரு சேராததால் என்ன நட்டம் என்று கேட்கலாம். பெட்ரோல் செலவு என்றா சொல்வேன்? 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து மூச்சுத் திணறி எழுந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். அந்த இரவை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் ஆலைச் சுவர், தண்டவாளம். ஓட இருப்பது தெற்கு வடக்காகப் போகும் ஒற்றைச் சாலை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குக் குறுக்கே விலகி ஓட வேண்டும் என்பது நச்சுவாயுக் கசிவில் பாலபாடம். குறுக்கே ஓட ஒரு தெரு வேண்டாமா? அபாயம் உள்ள ஆலைகள் இருக்கும் ஊரில் நாற்சந்தி என்பது உயிர் காக்கும் ஏற்பாடு.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் பரவி, எண்ணூர்க் கழிமுகத்தில் வலையையும் படகையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெருக்களைச் சேர்க்க வேண்டும் என்று நான் பேசுவதைக் கேட்டு, கழிமுகத்தையும் உப்பளத்தையும் தூர்த்து ரோடு போட யாரும் கிளம்பிவிடக் கூடாது. தண்ணீருக்கும் தெரு உண்டு. கொசஸ்தலையும் கால்வாயும் கழிமுகமும் சேரும் இடம் தண்ணீரின் நாற்சந்தி. அனல் மின் நிலையச் சாம்பலைக் கொட்டி அதை முட்டுச்சந்தாக்கினால் வெள்ளம் நம் வீட்டைத் தெருவாக எடுத்துக்கொள்ளும். மனிதன் நடக்கத் தூண் மேல் பாலம் போடலாம். ஆற்றின் வழியில் மண்ணைக் கொட்டக் கூடாது.

இன்னொரு நியாயமான கேள்வி வரும். முட்டுச்சந்து அமைதியாக இருக்கிறதே, பிள்ளைகள் விளையாடுகிறார்களே, தெருவைத் திறந்துவிட்டால் லாரி உள்ளே வராதா? வரும், தடுக்காவிட்டால். வடசென்னைத் தாய்மாரின் லாரி பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பயத்துக்குப் பின்னால் இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் லாரியைத் தடுக்க ஆளையும் சேர்த்துத் தடுக்க வேண்டியதில்லை. தெருவின் முனையில் இரண்டு கல் தூண் நட்டால் லாரி நிற்கும். மனிதன் போவான், சைக்கிள் போகும், தள்ளுவண்டி போகும், மடக்கும் தூணாக இருந்தால் ஆம்புலன்ஸும் போகும். நம் பழைய தெருக்களில் கல் நட்டு வண்டியைத் தடுத்த பழக்கம் இருந்ததுதான். சுவர் எல்லாரையும் நிறுத்தும். கல் தூண் நிறுத்த வேண்டியவரை மட்டும் நிறுத்தும்.

லாரிகளுக்குத் தனி வழி வேண்டும் என்பதும் உண்மை. துறைமுகம் மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் மட்டும் ஆண்டுக்கணக்கில் நின்றன. 2022இல் மறுபடி அடிக்கல். சரக்குக்கு ஒரு வழி சேராததன் விலையை டிரைவர் லாரியிலேயே தூங்கியும், நாம் புழுதியைச் சுவாசித்தும் கொடுத்தோம். அந்த வழி விரைவில் முடிய வேண்டும். முடியும்போது அது கீழே உள்ள குடியிருப்புகளை இன்னொரு முறை கூறு போடாமல் இருக்க வேண்டும்.

மெட்ரோவையும் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று நம் ஊர்ப் பெயர்களை ஒலிபெருக்கியில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. நெடுநாள் காத்திருந்து கிடைத்தது. ஆனால் நிலையம் இருப்பது டி.எச். ரோட்டில். தண்டவாளத்துக்கு மேற்கே, கால்வாய்க்கு அப்பால் குடியிருக்கும் பெண் நிலையத்தின் தூணை மாடியிலிருந்து பார்க்கலாம். போய்ச் சேர ஷேர் ஆட்டோ பிடித்துச் சுற்றி வர வேண்டும். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் எத்தனை வீடு அடங்கும் என்பதைத் தெருக்களே தீர்மானிக்கின்றன. கோடிக்கணக்கில் செலவழித்து ரயில் கொண்டுவந்த அரசு, அதன் ஒரு சிறு பங்கில் நடைப்பாலங்கள் போட்டால் அதே நிலையத்துக்கு இன்னும் எத்தனையோ பேர் வந்து சேர்வார்கள்.

என்ன செய்ய வேண்டும்? என் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, தண்டவாளத்தையும் கால்வாயையும் கடக்கும் இடங்களை அதிகப்படுத்த வேண்டும். பெரிய மேம்பாலம் ஒன்றுக்குப் பத்து ஆண்டு காத்திருப்பதைவிட, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் சிறு சிறு பாலங்கள் பல வேண்டும். மழை பெய்தால் குளமாகும் சுரங்கப்பாதையை வழி என்று கணக்கில் எழுதக் கூடாது.

இரண்டாவது, புதிய மனைப்பிரிவு எதுவானாலும் அதன் தெரு பக்கத்து நிலத்தின் எல்லை வரை போக வேண்டும். அடுத்தவர் மனை போடும்போது அங்கிருந்து தொடர வேண்டும். அங்கீகாரம் தருகிறவர்கள் ஒரு மனைப்பிரிவின் வரைபடத்தை மட்டும் பார்க்காமல், சுற்றியுள்ள நான்கையும் சேர்த்து மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 18 கிலோமீட்டர் நீளத் தெரு வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பு சொல்கிறது. பொன்னேரியும் மீஞ்சூரும் அந்த அளவுகோலில் நிற்கட்டும்.

மூன்றாவது, மூடப்பட்ட ஆலைகளின் நிலம். நாளை அந்த நிலம் விற்கப்படும், அடுக்குமாடியோ கிடங்கோ வரும். வரட்டும். ஆனால் சுவர் விழும் அந்த ஒரு நாளில், பல பத்தாண்டுகளாக அடைத்துக் கிடந்த குறுக்குத் தெருவை முதலில் கேட்டு வாங்கிவிட வேண்டும். புதுச் சுவர் எழும்பிவிட்டால் இன்னும் பல பத்தாண்டுகள்.

நான்காவது, எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளில் ஆபத்து வேளையில் எந்தக் குடியிருப்பு எந்த வழியாக வெளியேறும் என்று தெருத்தெருவாக வரைந்து, மக்களிடம் கொடுத்து, நடந்து பார்க்கச் செய்ய வேண்டும். நடந்து பார்க்கும்போது வழி இல்லாத இடம் தானே தெரியும்.

அரசுக்குச் சொன்னது போதும். உங்களுக்கும் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவிலிருந்து கால் மணி நேரம் நடங்கள். எத்தனை முட்டுச்சந்து, எத்தனை முச்சந்தி, எத்தனை நாற்சந்தி என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். எந்தச் சுவரில் ஒரு வாயில் வைத்தால் எந்தத் தெரு எந்தத் தெருவோடு சேரும் என்று குறியுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறுக்கு வழி அவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தாளை வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள், பகுதி சபைக் கூட்டத்தில் படியுங்கள். ஒரு முறை கேட்டால் மனு. ஊரே கேட்டால் திட்டம்.

தேரை ஒருவரால் இழுக்க முடியாது. ஊர் கூடி வடம் பிடித்தால் நகரும். ஆனால் எத்தனை பேர் பிடித்தாலும், சுற்றி வர வீதி இல்லையென்றால் தேர் நடுத்தெருவில் நின்றுவிடும். நம் முன்னோர் நமக்குச் சேர்ந்த வீதிகளை விட்டுச் சென்றார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் சுவர்களை விட்டுச் செல்லக் கூடாது. வாருங்கள், வழி கேட்போம்.